ஐந்து நாள் சிங்கப்பூர், பதினோரு மாத ஏற்பாடு: ஒரு பள்ளிக் கல்விப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

எங்கள் பள்ளி தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் மூன்றாம் வாரம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 36 பேரும் ஆசிரியர்கள் 4 பேரும் சிங்கப்பூர் போய்வந்தோம். ஒருங்கிணைப்பு வேலை என் தலையில் விழுந்தது. நான் அறிவியல் ஆசிரியர். அதற்குமுன் என் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு நாட்டின் முத்திரைதான், அதுவும் இலங்கை.

இதே மாதிரி பயணம் போட நினைக்கிற வேறு பள்ளி ஆசிரியர்கள் சிலர் விவரம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சரியாகப் போனதைவிடச் சொதப்பியதுதான் இதில் அதிகம் வரும். அதுதான் அடுத்தவருக்கு உதவும்.

முதல் கூட்டம் 2023 செப்டம்பரில். நான் கையில் வைத்திருந்தது ஒரு பயண ஏற்பாட்டாளர் கொடுத்த வழவழ தாள்: ஐந்து பகல், நான்கு இரவு, பதினாறு இடம். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, "சார், இதுல பாதி சென்னையிலேயே வேற பேர்ல இருக்கு. இங்க இல்லாத எதைக் காட்டப் போறீங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. சொன்ன பதில்: தண்ணீர்.

ஆற்றங்கரையில் இருந்துகொண்டு தண்ணீரைப் பார்க்கச் சிங்கப்பூர் போவதா என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரிய ஆறும் இல்லாத, பெரிய ஏரியும் இல்லாத ஒரு தீவு. மலேசியாவின் ஜோகூரிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 1962இல் போட்ட ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று மழைநீர், இறக்குமதி நீர், சுத்திகரித்த கழிவுநீர், கடல்நீர் என்று நான்கு வழியாகப் பிரித்து வேலை பார்க்கிற ஊர். மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று ஒவ்வொரு ஜூனிலும் செய்தி பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன?

இந்த ஒரு சொல் கிடைத்தபிறகு பதினாறு இடத்தில் பத்து தானாகவே உதிர்ந்தன.

தேதி

தேதியில்தான் முதல் அடி. அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் விடுமுறை என்று ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டோம். எல்லாப் பள்ளியும் அப்படித்தான் செய்யும். பாடம் கெடாது, பெற்றோரும் ஒத்துக்கொள்வார்கள். அங்குள்ள ஒரு பள்ளியில் அரை நாள் செலவிட வேண்டும் என்பது எங்கள் திட்டத்தின் உயிர். அதற்காக மின்னஞ்சல் அனுப்பினோம். மிகப் பணிவான பதில் வந்தது: நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை இங்கே ஆண்டிறுதி விடுமுறை, பள்ளியில் மாணவர்கள் இருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜூன் மாதம் நடு விடுமுறை. நாம் கோடை விடுமுறை என்று கிளம்பும் மே மாதக் கடைசியில் அவர்களும் மூடத் தொடங்குவார்கள். நம் காலாண்டு விடுமுறை வரும்போது அங்கே தேர்வுக்காலம். ஆக, நமக்கு விடுமுறை என்று பார்த்தால் பள்ளிச் சந்திப்பு இல்லை, பள்ளிச் சந்திப்பு வேண்டுமென்றால் நமக்கு விடுமுறை இல்லை. ஜூலை, ஆகஸ்ட்தான் இரண்டுக்கும் ஓரளவு ஒத்துவந்தது. டிசம்பர் அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. ஆற்றோரம் நடந்து பார்க்க வேண்டிய பயணத்துக்கு அது ஆகாது.

ஆகஸ்ட் என்று மாற்றியதும் அடுத்த சிக்கல். பெயர் கொடுத்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜூனில் பத்தாம் வகுப்பு ஆகிவிடுவார்கள். பொதுத்தேர்வு வருடத்தில் ஒரு வாரம் வெளிநாடா? தமிழ்நாட்டில் எந்த அம்மாவும் ஒத்துக்கொள்ள மாட்டார். பெயர்ப்பட்டியலைக் கிழித்துப்போட்டு, எட்டாம் வகுப்பிலிருந்து புதிதாக ஆரம்பித்தோம். அதுவரை யாரிடமும் பணம் வாங்கவில்லை, அதனால் தப்பித்தோம். ஏமாந்துபோன ஒன்பதாம் வகுப்பு மட்டும் அந்த வருடம் முழுக்க என்னைப் பார்த்து ஒழுங்காக வணக்கம் வைக்கவில்லை. நியாயம்தான்.

பெயரும் இனிஷியலும்

36 பேரில் 11 பேரிடம்தான் பாஸ்போர்ட் இருந்தது. மற்ற 25 பேருக்குப் புதிதாக எடுக்க வேண்டும். டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாவற்றையும் சேர்த்து ஆன நேரத்தைவிட இந்த 25 பாஸ்போர்ட்டுகளுக்கு ஆன நேரம் அதிகம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அம்மா, அப்பா இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். இணைப்பு டி என்பார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். அப்பா குவைத்தில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். அவருக்கு விடுப்பு கிடைக்கிற நாளில் தூதரகத்தில் முன்பதிவு கிடைக்காது. அப்பா பிரிந்துபோன வீடுகளில் வேறு படிவம், வேறு விளக்கம். அந்த அம்மாக்களைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும் என்பது ஒரு சங்கடத்துக்குப் பிறகுதான் புரிந்தது. பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "அப்பா கையெழுத்து எங்கே?" என்று கேட்டவன் நான்தான். இன்றுவரை அதை நினைத்தால் கூசுகிறது.

பெயர் விவகாரம் நமக்கே உரியது. பள்ளிப் பதிவேட்டில் 'க. செல்வி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஒரு வீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவார்கள். இன்னொரு வீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். மூன்றாவது வீட்டில் ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. சிங்கப்பூருக்கு ஒற்றைப் பெயர் தடையில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு முட்டுக்கட்டை போட்டதில் நம் ஊர்க்காரர்கள் பட்ட பாடு நினைவிருக்கலாம். சிங்கப்பூரில் அந்தச் சிக்கல் இல்லாவிட்டாலும், டிக்கெட் போடும் கணினி குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அதற்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம்.

ஏற்பாட்டாளரிடம் நான் முதலில் அனுப்பிய பட்டியல் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அதில் இருந்தபடியே டிக்கெட்டில் பெயர் ஏறியிருந்தால் 20 பேராவது விமான நிலையத்தில் மாட்டியிருப்பார்கள். குழு டிக்கெட் என்பதால் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவிட்டுப் பெயரைப் பின்னால் கொடுக்க முடிந்தது. அந்த அவகாசத்தில் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஒவ்வொரு பாஸ்போர்ட்டின் அடியிலும் உள்ள அம்புக்குறி வரிகளைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினேன். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்ட, மூன்றாமவர் சரிபார்க்க. நகைக்கடையில் கல் எண்ணுவது மாதிரி ஒரு முழுச் சனிக்கிழமை.

விசா அதற்குப் பிறகு சுலபமாகவே போனது. சிங்கப்பூர் விசாவுக்கு நேரில் போக வேண்டியதில்லை, அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்), விசா கிடைக்காவிட்டாலும் திரும்பாது. சறுக்கியது புகைப்படத்தில். 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, பளபளப்பில்லாத தாள் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணன் பாசத்தோடு எல்லாருக்கும் நீலப் பின்னணி வைத்து, முகத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டார். 36 பேரும் மறுபடி போய் உட்கார்ந்தார்கள்.

யார் பெயரில் பணம்

கணக்கு தெரியாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். எங்களுக்கு லட்சக்கணக்கில் வித்தியாசம் வந்த இடம் இது.

ஒரு மாணவருக்குப் பயணச் செலவு 72,000 ரூபாய். பள்ளியே வசூலித்து மொத்தமாக ஏற்பாட்டாளருக்குக் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தோம். ரசீது ஒன்று, வேலை மிச்சம். எங்கள் ஆடிட்டர் தடுத்தார். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் கட்டும்போது மூலத்திலேயே வரி பிடிப்பார்கள், டி.சி.எஸ். என்பது அதுதான். 2023 அக்டோபர் முதல் இருந்த விதிப்படி, கட்டுகிறவர் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்குமேல் 20 சதவீதம். பள்ளியின் பெயரில் 25,92,000 ரூபாய் கட்டினால் முதல் 7 லட்சத்துக்கு 35,000, மீதி 18,92,000க்கு 3,78,400, ஆக 4,13,400. அதையே 36 பெற்றோரும் தனித்தனியாகக் கட்டினால் தலைக்கு 3,600, மொத்தம் 1,29,600. பெற்றோருக்கு அது வருமான வரிக் கணக்கில் வரவாகத் தெரியும், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம்.

சரி, தனித்தனியாகவே கட்டட்டும் என்று முடிவானது. அப்போது ஐந்து பேரிடம் பான் அட்டை இல்லை. பான் இல்லையென்றால் இந்த வரி இரட்டிப்பு. அவர்களுக்குப் பான் எடுத்துக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம். தெரிந்துகொள்ளுங்கள், இந்த வரி விகிதங்களும் வரம்பும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகின்றன. நீங்கள் போகிற ஆண்டின் விதியைக் கேட்டுக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

இன்னொரு விஷயம், பலரும் வெளியில் சொல்லத் தயங்குவது. ஆசிரியர்களுக்கு 'இலவச இடம்' என்று ஏற்பாட்டாளர்கள் கொடுப்பார்கள். அது யார் வீட்டுப் பணம்? பிள்ளைகளின் 72,000க்குள்தான் அது ஒளிந்திருக்கிறது. நாங்கள் அதைக் கூட்டத்தில் திறந்து சொன்னோம். நான்கு ஆசிரியர் செலவு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு சேர்கிறது என்று கரும்பலகையில் எழுதினேன். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் ஊர் பேசியிருக்கும்.

பதினாறு இடம் எட்டானது

ஏற்பாட்டாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு ஒரு ஐட்டினரி (பயண நிரல்) இருந்தது, அதை எல்லாருக்கும் கொடுப்பார். அதில் இரண்டு ஓட்டைகள். இந்திய மரபுடைமை நிலையத்தைத் திங்கட்கிழமைக்குப் போட்டிருந்தார், திங்கள் அதற்கு விடுமுறை. இரண்டாவது ஓட்டை எங்கள் அடிவயிற்றிலேயே விழுந்தது. கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் பிழிந்து, புற ஊதாக் கதிர் காட்டிக் குடிக்கத்தக்க நீராக்குவதைக் காட்டும் நியூவாட்டர் பார்வையாளர் நிலையம் பெடோக்கில் இருந்தது. 2003இல் திறந்தது. தண்ணீர்ப் பயணத்தின் மையமே அதுதான் என்று மாணவர்களுக்கு மூன்று வகுப்பு எடுத்திருந்தேன். அது 2024 ஜூலை இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. நாங்கள் போனது ஆகஸ்ட் 19. ஜூனில் குழுவுக்கு முன்பதிவு செய்யப் போனபோதுதான் தெரியும். அச்சடித்த தாளில் அது அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

மாற்றாகப் பிடித்தது பீஷான் - ஆங் மோ கியோ பூங்கா. எந்தச் சுற்றுலாத் தாளிலும் முதல் பக்கத்தில் இருக்காது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. காலாங் ஆறு அங்கே நேர்க்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, வளைந்து நெளிந்து, புல்லும் கல்லுமாக மூன்று கிலோமீட்டர் ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை வந்தால் ஆறு அகலட்டும் என்று பூங்காவின் புல்வெளியையே அதற்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு சண்டை. "72,000 கட்டி யுனிவர்சல் ஸ்டுடியோ இல்லையா?" என்று கேட்டார்கள். கேட்பது தப்பில்லை, பணம் அவர்களுடையது. கடைசி நாள் காலையில் செந்தோசா கடற்கரை, அதற்கு முந்தைய நாள் மாலை கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை தி பே) ஒளி, ஒலிக் காட்சி என்று சமாதானம் ஆனது. இரண்டுக்கும் டிக்கெட் வேண்டாம். மிச்சமான பணத்தில் ஒரு அவசர நிதி வைத்தோம்.

கிளம்புமுன்

பெட்டி சோதனை என்று ஒன்று வைத்தோம், புறப்படுவதற்கு முந்தைய நாள் பள்ளி மண்டபத்தில். பிள்ளைகள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு பையனின் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்ட ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் குருமாப் பொடி, கூடவே ஒரு சின்ன பாக்கெட் கசகசா. சிங்கப்பூரில் இருக்கும் சித்திக்கு அம்மா கொடுத்துவிட்டது. நம் அடுக்களையில் சாதாரணமாக இருக்கும் கசகசா அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. அந்தம்மாவிடம் சொன்னபோது நம்பவே இல்லை: "கசகசாவா சார்?" அன்று முதல் விதி: யார் வீட்டுக்கும் பொட்டலம் கிடையாது, ஊறுகாய்கூட.

சூயிங்கம்மும் அங்கே கொண்டுபோகக் கூடாது. இருமல் மருந்து, ஆஸ்துமா மருந்து வைத்திருந்தவர்களுக்கு மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிச் சேர்த்தோம். ஆளுக்கொரு பயணக் காப்பீடு. மூன்றாம் நாள் ஒரு மாணவிக்குக் காய்ச்சல் வந்து கிளினிக் போனபோது ரசீதை மறக்காமல் வாங்கினோம், திரும்பியதும் பணம் வந்தது. சார்ஜர் அடாப்டர் மட்டும் எல்லாரும் மறந்தோம், அங்கே மூன்று செவ்வகப் பின்.

வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் போலித் தளங்கள் நிறைய. கணினி ஆய்வகத்தில் 40 பேருக்கும் நிரப்பியபோது இரண்டு பேருக்குப் பிழை காட்டியது. பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்ற எழுத்தைத் தட்டியிருந்தோம். இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, அப்புறம் ஏழும் எண்களே. அதை ஞாபகம் வைத்தால் போதும்.

அங்கே

திருச்சியிலிருந்து இரவு விமானம். ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையம், பிள்ளைகள் அங்கேயே அரை மணி நேரம் படம் எடுத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து விடியலில் இறங்கினோம். இந்த இரவு விமானத்தில்தான் 'ஐந்து பகல்' என்ற கணக்கின் சூட்சுமம் இருக்கிறது. தூங்காத பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்கு இறக்கிவிட்டு அதையும் ஒரு பகல் என்பார்கள். ஹோட்டல் அறை பிற்பகல்தான் கிடைக்கும். அறிவியல் நிலையத்தை அன்று போட்டிருந்தால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்திருப்பார்கள். நாங்கள் அன்று வேலை எதுவும் வைக்கவில்லை. ஹோட்டல் வரவேற்பறையின் சோபாக்களில் 36 பேர் சாய்ந்து கிடந்த காட்சியை அங்குள்ள ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பீஷான். கரையோரம் நடந்துபோகும்போது ஒரு மாணவி நின்றுவிட்டாள். "சார், நம்ம ஊர்ல வாய்க்காலுக்கு கான்கிரீட் போடுறாங்க. இங்க போட்டதை உடைச்சிருக்காங்க. யார் பண்றது சரி?" என்றாள். என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை. நம் பாசன வாய்க்காலின் வேலை கடைமடைவரை தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோவது, இந்தப் பூங்கா ஆற்றின் வேலை வெள்ளத்தைத் தாங்குவதும் ஊருக்குள் ஒரு ஆறாக இருப்பதும் என்றேன். கான்கிரீட் போட்டால் நிலத்தடிக்கு இறங்கும் நீர் குறையும் என்று நம் விவசாயிகள் சொல்வதையும் சொன்னேன். அவள் விடவில்லை, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புல்லில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் தண்ணீரில் ஏதோ நீளமாக அசைந்தது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று. கொள்ளிடத்திலும் இதே இனம் இருக்கிறது என்றபோது யாரும் நம்பவில்லை. அறிவியல் நிலையத்துக்குத் தாமதமாகப் போனோம். தாமதமானால் ஆகட்டும் என்று விட்ட ஒரே நிகழ்ச்சி அது.

புதன்கிழமை பள்ளிச் சந்திப்பு. இரண்டு மணி நேரம்தான். தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கும் வகுப்பில் கலந்து உட்கார வைத்தார்கள். முதல் பதினைந்து நிமிடம் மயான அமைதி. அவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேச, நம்மவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. உடைத்தது ஒரு சொல். அங்குள்ள ஒரு பையன் "எங்க வீடு வீவக" என்றான். என்னது என்று நம்மவன் கேட்க, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக. மெட்ரோவுக்குப் பெருவிரைவு ரயில். நாம் வாய் நிறைய ஆங்கிலத்தில் சொல்வதற்கு அவர்களிடம் தமிழ்ச் சொல். அப்புறம் சொல் விளையாட்டாகவே போனது. அடுத்த முறை போகும் பள்ளிகளுக்கு என் யோசனை: கலை நிகழ்ச்சி, பொன்னாடை எல்லாம் வேண்டாம். ஜோடி ஜோடியாக உட்காரவைத்து ஒரு வேலை கொடுங்கள்.

அன்று பிற்பகல் நகரக் காட்சியகத்தில் மாநகரின் மாதிரி வடிவத்தைப் பார்த்துவிட்டு, 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய், சைனாடவுன் நிலையத்தில் ரயில் ஏறினோம். மாலை ஆறு மணி. ஒன்பது பேருக்கு ஓர் ஆசிரியர், குழுவுக்கு ஒரு கதவு என்று பிரித்திருந்தோம். அந்த வடகிழக்குப் பாதையில் ஓட்டுநர் இல்லாத ரயில். கையைக் காட்டினால் நிற்க அங்கே யாரும் இல்லை. கதவு மூடியது. என் குழுவில் நால்வர் நடைமேடையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் முகம் நகர்ந்துபோனது.

பள்ளி வராண்டாவில் சாக்பீஸால் ரயில் கதவு வரைந்து இதை நான்கு முறை ஒத்திகை பார்த்திருந்தோம். விட்டுப்போனவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், ஆசிரியர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்ப வருவார். என்னோடு ஏறிய ஐந்து பேரையும் பக்கத்துக் கதவு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, கிளார்க் கீயில் இறங்கி எதிர் ரயில் பிடித்து வந்தேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும். நால்வரும் சுவரோரமாக, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார்கள். "நீங்க சொன்ன மாதிரியே நின்னோம் சார்" என்றான் ஒருவன். அன்றிரவு பெற்றோர் குழுவுக்கு நான் அனுப்பிய செய்தியில் இதையும் எழுதினேன். மறைத்தால் மறுநாள் வேறு வழியில் பெரிதாகிப் போய்ச் சேரும்.

உறவினர் சந்திப்புக்கும் விதி இருந்தது. சிங்கப்பூர் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். ஏழு பேருக்கு இருந்தார்கள். வீட்டிலிருந்து முன்கூட்டியே கடிதம், ஹோட்டல் வரவேற்பறையில் மட்டும், ஆசிரியர் பக்கத்தில், ஒரு மணி நேரம், வெளியே கூட்டிப்போக அனுமதி இல்லை. ஒரு மாணவனின் அப்பா அங்கே கட்டுமான வேலையில் இருக்கிறார். புதன் இரவு வேலை முடித்து, விடுதியிலிருந்து பேருந்து மாறி வந்தார். காலில் இன்னும் அந்தக் கனமான பாதுகாப்புக் காலணி. கையில் சாக்லேட், ஆறு புட்டி கோடாலித் தைலம். இரண்டு வருடமாக மகனைப் பார்க்கவில்லை. முதலில் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு பையன் நோட்டைத் திறந்து மறுநாள் பார்க்கப்போகும் மரினா அணைக்கட்டைப் பற்றிச் சொன்னான். கடல் முகத்தில் கட்டியது, 2008இல் திறந்தது, ஒன்பது மதகு, மழைநீர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி 2010இல் நல்ல தண்ணீர் ஏரி ஆனது என்று. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "அதுக்குப் பக்கத்துலதான் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். உள்ள போனதில்ல. டிக்கெட் இருக்குமோன்னு நெனச்சேன்" என்றார்.

டிக்கெட் இல்லை. மறுநாள் மாலை வேலை முடிந்து அவரும் அங்கே வந்துவிட்டார். விதியில் அதற்கு இடமில்லை. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாப்பாடு பற்றி ஒரு வரி: மூன்று நாள் தொடர்ந்து பொட்டல சாம்பார் சாதம் கொடுத்தால் நான்காம் நாள் யாரும் தொட மாட்டார்கள். தேக்கா உணவங்காடியில் ஆளுக்கு எட்டு வெள்ளி கொடுத்து, தானே வாங்கி, தானே தட்டை எடுத்துப்போய் வைக்கச் சொன்னோம். வீட்டில் தட்டைக் கழுவாத பையன்கள் அங்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதைப் படம் எடுத்து அனுப்பியதில் அம்மாக்கள் குழு இரவு முழுக்கத் தூங்கவில்லை.

திரும்பிய பிறகு

கிளம்புமுன் எல்லார் நோட்டிலும் ஒரு கேள்வி எழுதியிருந்தோம்: உன் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 36 பேரில் சரியாக எழுதியது நான்கு பேர். சிங்கப்பூரின் நான்கு வழிகளும் இப்போது எல்லாருக்கும் மனப்பாடம், இந்தக் கேள்விக்கான பக்கம் மட்டும் பலருக்குக் காலியாகவே இருந்தது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, 14 பேரை எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். டேங்க் ஆபரேட்டர் மோட்டார் ரூமைத் திறந்து, கொள்ளிடத்திலிருந்து வருகிற குழாயையும், குளோரின் கலக்கும் இடத்தையும், எந்தத் தெருவுக்கு எந்த நாள் வால்வு என்று சுவரில் கரியால் எழுதியிருந்த கணக்கையும் காட்டினார். பிள்ளைகள் கேள்வி கேட்டு முடித்ததும், அவருக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"அங்க வீட்டுக்கு வீடு மீட்டராமே? ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றார்கள் பிள்ளைகள். அவர் சாவிக்கொத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே, "எனக்கு மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுச்சுங்கிறது மட்டும்தான் தெரியும்" என்றார். 14 பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.